கோழி முட்டை இன்குபேட்டரில் கெக்கோ முட்டை பொரியுமா?

கேள்வி: என் லெப்பர்ட் கெக்கோ (செல்லமாக வளர்க்கும் புள்ளிப் பல்லி) நேற்று இரவு ஈரப்பாசிப் பெட்டியில் இரண்டு முட்டை இட்டிருக்கிறது. நாட்டுக்கோழிக்கு வாங்கிய இன்குபேட்டர் இருக்கிறது. அதிலேயே வைக்கலாமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: வைக்காதீர்கள். அந்த மெஷின் 37.5 டிகிரியில் ஓடும். கெக்கோ கருவுக்கு அது சாவுச்சூடு. போதாததற்கு முட்டையைப் புரட்டியும் விடும். கோழிக்கு அது தேவை. கெக்கோ கருவோ முதல் நாளிலேயே ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் புரட்டினால் கரு அமுங்கிச் செத்துவிடும். ஆகவே இப்போதே முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, கிடந்த வாக்கிலேயே கரண்டியால் எடுங்கள். சுவர்ப்பல்லி முட்டை மாதிரி கெட்டி ஓடு கிடையாது, தோல் போல மெத்தென்றிருக்கும். விரலால் அழுத்த வேண்டாம்.

மாடித்தோட்டக் கடையில் வெர்மிகுலைட் (ஈரம் காக்கும் கனிமத் துகள்) கிடைக்கும். 100 கிராமுக்கு 100 மில்லி தண்ணீர். பிசைந்து பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. மூடியுள்ள டப்பாவில் பரப்பி, முட்டையைப் பாதி புதையுமாறு வையுங்கள். மூடியில் இரண்டு ஊசித்துளை போதும்.

மதுரைப் பக்கம் பிரச்சினை சூடு பற்றாதது அல்ல, சூட்டைக் குறைப்பது. தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) ஹீட்டரை நிறுத்தத்தான் செய்யும், குளிர்விக்காது. சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி என்றால், கெக்கோ முட்டைக்கு வேண்டிய 28 என்று செட் செய்து பயனில்லை. ஏசியை 25இல் ஓடவிட்டு, அந்த அறைக்குள் தெர்மோகோல் பெட்டி, சிறிய ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), தெர்மோஸ்டாட் என்று அமைத்தால்தான் கட்டுக்குள் நிற்கும். பெட்டிக்குள் நான்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வையுங்கள். கரண்ட் போனாலும் சூடு சட்டென்று ஏறி இறங்காது.

குஞ்சு ஆணா பெட்டையா என்பதை முட்டை இருக்கும் சூடுதான் தீர்மானிக்கும். 28 டிகிரியில் பெரும்பாலும் பெட்டை. பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதம். 32இல் பெரும்பாலும் ஆண், ஒன்றரை மாதம். ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் கடித்துக்கொள்ளும் என்பதால் 28தான் எங்கள் யோசனை.

பத்து நாள் கழித்து இருட்டில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். இளஞ்சிவப்பாக, சிவப்பு நரம்போடு தெரிந்தால் கரு இருக்கிறது. வெறும் மஞ்சளாக இருந்து பூஞ்சையும் பிடித்தால் கூமுட்டை.

இடையில் முட்டை குழிந்தால் ஈரம் போதவில்லை. டப்பா ஓரமாக வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பூனால் விடுங்கள், முட்டைமேல் படக்கூடாது. கடைசி நாட்களில் குழிந்து வியர்த்தால் குஞ்சு வரப்போகிறது. ஓட்டைக் கீறி உதவப் போகாதீர்கள். வந்த குஞ்சு முதல் தோல் உரிக்கும்வரை இரை தொடாது, சில நாள் ஆகலாம். அதுவரை ஈரத் துணியும் தண்ணீரும் போதும்.