வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: ஆவணப்படத்தில் எது ஆவணம்?

கேள்வி: எங்கள் நகரில் நடைபெற்ற திரைப்பட விழாவில் கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இழுக்கும் கரைவலைத் தொழிலாளர் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தேன். மீன் சேரும் வலைப்பையான மடி கரையேறும் காட்சியில் மெய்மறந்து போனேன். ஆனால் முதல் நாள் வெளிச்சம் போதாமையால், மறுநாள் அதே குழுவினரை மீண்டும் வலை இழுக்கச் சொல்லிப் படமாக்கியதாகப் பின்னர் நடந்த உரையாடலில் இயக்குநர் கூறினார். இதை ஆவணப்படம் என்று சொல்லலாமா?
– ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: சொல்லலாம். ஆயினும் உங்கள் ஏமாற்றத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். இந்தச் சிக்கல் ஆவணப்படத்தோடு கூடப் பிறந்தது. வட கனடாவின் இனுயிட் மக்களைப் பற்றி ரொபேர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்த 'நானூக் ஒஃப் த நோர்த்' என்ற ஆவணப்படம் 1922இல் வெளியானது. பனிவீட்டுக்குள் இருந்த வெளிச்சம் அந்நாளைய கமெராவுக்குப் போதாமையால், ஒரு பக்கம் திறந்த பனிவீடொன்றைக் கட்டுவித்து, அந்தக் குளிரில் ஒரு குடும்பத்தைப் படுத்து எழச் செய்து அவர் படமாக்கினார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். துப்பாக்கியால் வேட்டையாடப் பழகிவிட்ட மனிதரின் கையில் ஈட்டியைக் கொடுத்து, அதுவே அவருடைய அன்றாட வாழ்க்கை என்று காட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் கரைவலைக்காரர் மறுநாளும் எப்படியும் வலை இழுத்திருப்பார்கள்; இயக்குநரும் நடந்ததை ஒளிக்காமல் சபையிலேயே சொல்லியிருக்கிறார். நான் அங்கிருந்திருந்தால் வேறொன்றைக் கேட்டிருப்பேன்: விழுந்த மீனில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, கயிறு பிடித்தவர்களுக்கு எவ்வளவு என்பது படத்தில் ஏன் இல்லை?

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், 1934இல் பிரித்தானிய இயக்குநர் பசில் ரைட் நம் இலங்கையில் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படம் நினைவுக்கு வருகிறது. அதன் வருணனை பெரும்பாலும் ஆங்கிலக் கடலோடி ரொபேர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதி 1681இல் வெளிவந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதை வாசித்த குரல் நம் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்டினுடையது. (நொக்ஸ் நமக்கு அந்நியரல்லர், 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் அவர் பிடிபட்டது நம் கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கத்தில்தான்.) காட்சிகளின் அழகு இன்றும் குன்றவில்லை. ஆனால் படத்துக்குப் பணம் கொடுத்தது தேயிலைப் பிரசார சபை என்பதை அறிந்துகொண்டு பார்த்தால், கொழுந்து பறிக்கும் பெண்கள் தம் வாழ்க்கையைப் பற்றித் தம் வாயால் பேசும் இடம் ஒன்றுகூட அதில் இல்லை என்பது உறுத்தத் தொடங்கும்.

கேள்வி: சிங்கள ஆவணப்படம் ஒன்றை ஆங்கில உபதலைப்புடன் மட்டுமே காட்டினார்கள். என் தாயார் பாதியில் எழுந்துவிட்டார். இது நியாயமா?
– ஒரு வாசகர், மூதூர்

பதில்: நியாயமில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே அரங்கில் அமரும் ஊரில், உபதலைப்பை வெறும் அலங்காரமாக நினைக்கக் கூடாது. இதற்குப் பெரிய செலவு இல்லை. உபதலைப்பு பெரும்பாலும் நேரக் குறிப்புகளுடன் கூடிய தனி எழுத்துக்கோப்புத்தான். சிங்களமும் தமிழும் தெரிந்த இருவர் சில மாலைகள் அமர்ந்தால், ஒரு மணிநேரப் படத்தை முடித்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் நீண்டுவிடும், சுருக்கி எழுதாவிட்டால், வாசித்து முடிக்குமுன் காட்சி மாறிவிடும். அடுத்த விழாவுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே அமைப்பாளர்களைச் சந்தித்து, உங்கள் உதவியை அறிவியுங்கள்.

கேள்வி: படம் பிடிக்காவிட்டால் இயக்குநர் இருக்கும்போதே எழுந்து போகலாமா?
– ஒரு மாணவர், கிண்ணியா

பதில்: போகலாம், நானும் போயிருக்கிறேன். குறும்படங்களைத் தொகுத்துக் காட்டும்போது, ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எழுந்தால் எவருக்கும் இடைஞ்சல் இல்லை. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் செருப்புத் தேடுவதை மட்டும் தவிருங்கள்.