பனிமூட்டமும் பசையும்

அன்புள்ள ஐயா,

புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் நியூயார்க்கின் ஃப்ளாட்அயர்ன் கட்டிடத்தை எடுத்த ‘ஃப்ளாட்அயர்ன்’ படத்துக்கு, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மூன்று பிரதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு நிறம். நெகட்டிவ் ஒன்றுதானாம். அப்படியென்றால் அந்த அந்தி வெளிச்சம் நியூயார்க்கில் இருந்ததா, இருட்டறையில் பூசியதா? பூசியது என்றால் அதைப் புகைப்படம் என்று எப்படிச் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நிறம் பூசியதுதான், சந்தேகமே வேண்டாம். 1904-இல் எடுத்த படம். முதலில் பிளாட்டினம் தாளில் பிரதி எடுத்தார். அதன்மேல் வேலம்பிசின், பொட்டாசியம் டைகுரோமேட், நிறப்பொடி மூன்றும் கலந்த பசையைத் தடவி, நெகட்டிவை வைத்து மறுபடி வெளிச்சத்தில் காட்டினார். வெளிச்சம் பட்ட இடத்தில் பசை இறுகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், மற்றது தண்ணீரில் கரைந்து போய்விடும். கழுவும்போது தூரிகையால் கொஞ்சம் கூடுதலாகவும் எடுத்துவிடலாம். நிறம் மாறினால் பொழுதும் மாறிவிடுகிறது.

ஆனால் படத்தில் தெரியும் மூட்டத்தையும் கையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்து கேமராக் கண்ணாடி பிளேட்டுகளுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு அனேகமாகத் தெரியாது. தூரத்துப் புகைமூட்டம் சிதறடிப்பதும் பெரும்பாலும் நீல ஒளிதான். அதனால் கண்ணுக்கு லேசாகத் தெரிந்த மூட்டம் பிளேட்டில் கனமாக விழும்.

பூசாமல் படமெடுத்த இன்னொரு நியூயார்க் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1893 பிப்ரவரி 22 அன்று ஐந்தாம் அவென்யூவில் பனிப்புயலுக்கு நடுவே கைக்கேமராவோடு மூன்று மணிநேரம் நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். யாரும் பூசாத பனி அது. சரி, அப்புறம் என்ன செய்தார்? நெகட்டிவின் பெரும்பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, எதிரே வரும் குதிரைவண்டியை மட்டும் நடுவில் நிறுத்தினார். அதுவும் கைவேலைதானே? அதற்காக யாரும் அவர்மேல் வழக்குப் போடவில்லை. தூரிகை என்றதும்தான் நமக்குப் பதற்றம் வந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், அதே வருடம் அவர் எடுத்த ‘டெர்மினல்’தான் ஒரு படி மேல். டிராம் இழுத்துக் களைத்த குதிரைகளின் உடம்பிலிருந்து ஆவி எழும்புகிறது, சேறும் பனியுமாகத் தரை, நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் வண்டிக்காரர். அந்த ஆவியை எந்தப் பசையும் கொடுத்திருக்காது. ஆனாலும் ஸ்டைகனின் ‘ஃப்ளாட்அயர்ன்’ படத்தை 1906-இல் தன் ‘கேமரா வொர்க்’ இதழில் நிறத்தோடு வெளியிட்டவர் இதே ஸ்டீக்லிட்ஸ்தான். அவருக்கு இல்லாத உறுத்தல் நமக்கு எதற்கு?

கைபேசியில் பார்த்தால் நிறம் மட்டும்தான் தெரியும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் மூன்றையும் பெரிதாக்கி, கீழே உயரத் தொப்பியோடு இருக்கும் வண்டிக்காரர்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது பிடித்தது என்று எழுதுங்கள்.