மகள் சம்மபிலிட்டியில் பி.எச்டி சேரலாமா?

ஐயா, வணக்கம். எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகும் மகள் சம்மபிலிட்டியில் (வழக்கமான முறையில் எல்லை இல்லாத தொடர்வரிசைகளுக்கும் எல்லை காணும் பிரிவு), அதிலும் ஸ்டாட்டிஸ்டிக்கல் கன்வர்ஜென்ஸில் ஆராய்ச்சி செய்யக் கேட்கிறாள், முடித்தால் டேட்டா சயின்ஸ் வேலை கிடைக்குமா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையில் சேர்க்க வேண்டாம். பெயரில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருந்தாலும் இது முழுக்க அனாலிசிஸ் பாடம், அதாவது எல்லைகளையும் சார்புகளையும் பற்றிய தூய கணிதம். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சிக்கும்தான் நேர்வழி.

பாடம் நல்ல பாடம். 1, 4, 9, 16 என வர்க்க எண் வரும் இடங்களில் அந்த எண்ணையே வைத்து, மற்ற இடமெல்லாம் 0 போடுங்கள். வழக்கமான முறையில் இந்தத் தொடர்வரிசை ஒருங்காது, அதாவது ஒரே எண்ணை நெருங்கிப் போகாது. ஆனால் முதல் பத்து லட்சம் இடங்களில் வர்க்க எண்கள் 1000தான். போகப்போக அவற்றின் பங்கு இன்னும் குறையும். அவற்றைப் பொருட்படுத்தாவிட்டால் எல்லை 0. இதுதான் ஸ்டாட்டிஸ்டிக்கல் கன்வர்ஜென்ஸ். 1951இல் ஃபாஸ்ட், ஸ்டைன்ஹவுஸ் என்ற கணிதவியலாளர்கள் தொடங்கிவைத்த கருத்து. பாசிட்டிவ் லீனியர் ஆப்பரேட்டர்கள் (ஒரு சார்பை எடுத்து இன்னொரு சார்பைத் தரும் ஒருவகை விதிகள்) எந்தத் தொடர்ச்சியான சார்பையும் நெருங்கித் தருமா என்று அறிய 1, எக்ஸ், எக்ஸ் ஸ்கொயர் என்ற மூன்றே சார்புகளில் சோதித்தால் போதும் என்ற கொரோவ்கின் தேற்றத்தை (1953), 2002இல் காட்ஜியேவும் ஓர்ஹானும் இதற்கு விரித்தார்கள். நம் சென்னையிலேயே, ராமானுஜன் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்த சி. டி. ராஜகோபால் சம்மபிலிட்டியில் நிறைய வேலை செய்தவர்.

என் கவலை வேறு. ஆப்பரேட்டரை மாற்றி, எல்லை காணும் முறையை மாற்றி, அதே தேற்றத்தையே மறுபடி நிறுவும் கட்டுரைகள் இத்துறையில் குவிகின்றன. பெர்ன்ஸ்டைன் ஆப்பரேட்டரோடு (சார்புகளைப் பல்லுறுப்புக் கோவைகளால் நெருங்கும் பழைய ஆப்பரேட்டர்) மேலே சொன்னது போன்ற ஒரு தொடர்வரிசையைச் சேர்த்துப் பெருக்கி, ‘பழைய முறைக்கு அடங்காத உதாரணம்’ என்று முடித்துவிடுவார்கள். அப்படி ஒரு தீசிஸை வைத்துக்கொண்டு நல்ல நிறுவனத்தின் நேர்காணலில் நிற்பது கஷ்டம். கைடிடம் மகள் நேராகவே கேட்கட்டும்: செயற்கையாகக் கட்டாத உதாரணம் உண்டா? எவ்வளவு வேகத்தில் ஒருங்குகிறது என்று சொல்ல முடியுமா? இவற்றுக்குத் தெளிவான பதில் தருபவர் கிடைத்தால் தாராளமாகச் சேரட்டும்.

அதற்கு முன் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கப் பார்க்கட்டும். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. உங்கள் கையை எதிர்பார்க்காமல் படிப்பாள். டேட்டா சயின்ஸ்தான் அவளுடைய ஆசை என்றால் நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, பைத்தான் என்று இப்போதே திரும்பிவிடலாம், அதற்கு பி.எச்டி தேவையில்லை. எது வேண்டும் என்று அவளையே சொல்லவிடுங்கள். நெட்டுக்காக ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, அதற்குள் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள்.