ஜோகன்னஸ்பர்க் வண்டியை டர்பனில் ஓட்டுவதற்கு முன்

தம்பி, டர்பன் வந்து நான்கு மாதம் ஆகிறது, ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு 2014 மாடல் கேடிஎம் 300 இஎக்ஸ்சி (காட்டுப் பாதையில் ஓட்டுகிற டூ ஸ்ட்ரோக் பைக்) நல்ல விலைக்கு வருகிறது, ஊரில் டூ ஸ்ட்ரோக் ஓட்டிய பழக்கம் உண்டு, நேரில் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நானும் பல வருடங்களுக்கு முன் இதே ஆசையோடு ஒரு பக்கியை இரவல் வாங்கிக்கொண்டு அங்கே போனவன்தான். (பிக்கப் வண்டிக்கு இங்கே பக்கி என்று பெயர். இன்னும் ஆறு மாதத்தில் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.)

அன்று நான் வாங்கிய 300, விற்றவரின் வாசலில் கணீரென்று ஓடியது. வான் ரீனன் கணவாய் இறங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த ஞாயிறு டொங்காட் பக்கம், தெரிந்தவர் கரும்புத் தோட்டத்தில், மணல் ஏற்றம் ஒன்றில் த்ராட்டிலை முழுக்கத் திருகிக்கொண்டு போனேன். முக்கால் மணி நேரம்தான். சட்டென்று பின்சக்கரம் கட்டிக்கொண்டு இழுத்தது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்தது போல இருந்தது. சிலிண்டரைக் கழற்றியபோது பிஸ்டனில், எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும், ஆணியால் கீறியது போல மேலிருந்து கீழ்வரை கோடுகள்.

விற்றவர் ஏமாற்றவில்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி இங்கிருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு போலக் குறைவு. அதற்குத் தகுந்தாற்போல் கார்ப்பரேட்டரில் சிறிய மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகு) போட்டிருப்பார்கள். அதே ஜெட்டோடு டர்பனில் ஓட்டினால் காற்று கூடிப்போய்ப் பெட்ரோல் போதாது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதானே போகிறது? சூடும் ஏறும், வழுக்கலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் நீங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த மெயின் ஜெட் போட்டிருக்கிறீர்கள்?" எண்ணைச் சட்டென்று சொல்கிறவர் வண்டியைப் பார்த்துக்கொண்டவர். விழிக்கிறவரின் மற்ற பதில்களையும் கொஞ்சம் கழித்துக்கொண்டே கேளுங்கள். 2018 மாடலிலிருந்து வந்த, கார்ப்பரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் டிபிஐ வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. அவை உயரத்துக்கு ஏற்றாற்போல் தாமே பெட்ரோலைச் சரிசெய்துகொள்ளும். விலைதான் எட்டாது.

சரி, வண்டிக்கு வருவோம். போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், "பிறகு வருகிறேன்" என்று டீ குடிக்கப் போய்விடலாம். ஆறிய எஞ்சினில் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓர் இடத்தில் கெட்டியாக எதிர்த்து நிற்க வேண்டும். வழவழவென்று இறங்கினால் பிஸ்டன், ரிங் வேலை பாக்கி இருக்கிறது. விற்பவர் சம்மதித்தால் எக்ஸாஸ்ட் குழாயைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இரண்டு ஸ்பிரிங்கை அவிழ்த்து, தாங்கும் போல்ட்டைக் கழற்றினால் போதும், பத்து நிமிட வேலை. நான் சொன்ன அந்தக் கோடுகள் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பத்து வருடத்துக்கு மேலான வண்டிக்கு இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது.

இங்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் என் பக்கத்து வீட்டு அங்கிள் காவடி நாளில் தேவாரம் அழகாகப் பாடுவார், ஆனால் தமிழில் நான்கு வார்த்தை சேர்த்துப் பேச வராது. கியர்பாக்ஸ் ஆயிலை மோந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பெட்ரோல் வாடை அடித்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் முனையில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது. ஆயில் பால் போல வெளுத்திருந்தால் வாட்டர் பம்ப் சீல். ஸ்டார்ட் செய்ததும் வரும் புகைக்குப் பயப்படாதீர்கள், அது டூ ஸ்ட்ரோக்கின் சுபாவம். நன்றாகச் சூடான பிறகும் வெள்ளையாகக் கக்கினால்தான் யோசிக்க வேண்டும். த்ராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கினால் எங்கோ காற்று கசிகிறது. அதற்கும் பெரும்பாலும் கிராங்க் சீல்தான், மறுபக்கத்தில் இருப்பது.

செயின், ஸ்ப்ராக்கெட், ஃபோர்க் சீல் எல்லாம் கண்ணுக்கே தெரியும், விலை பேச உதவும். விற்பவர் ஹவர் மீட்டரை (எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டுவது) காட்டினால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள், அதை மாற்றுவது சுலபம்.

காகிதத்தில் மட்டும் இரக்கம் காட்ட வேண்டாம். ஃபிரேம் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். "காட்டில் ஓட்டுகிற வண்டிக்குப் பேப்பர் எதற்கு" என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். உங்களிடம் இந்த நாட்டு அடையாள எண் இல்லாததால், உங்கள் பெயருக்கு மாற்ற, அதற்குப் பதிலாக வெளிநாட்டவருக்குத் தரும் டிராஃபிக் ரெஜிஸ்டர் எண் வேண்டும். வாங்கியதிலிருந்து 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்றோடு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். விற்பவர் வீட்டுக்கே போங்கள், பாதி வழியில் சந்திக்கலாம் என்றால் வேண்டாம். இன்னொன்று, கடற்கரை மணலில் ஓட்டலாம் என்று கனவு காணாதீர்கள், 2002 முதல் தடை.

ஊரில் பங்க்கிலேயே டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் ஊற்றித் தந்தார்கள். இங்கே நாமே கேனில் கலக்க வேண்டும். அந்த மாடலுக்கு 60 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், அதாவது 5 லிட்டருக்கு 83 மில்லி. வண்டி வந்ததும் கிக் அடிக்காமல் என்னைக் கூப்பிடுங்கள். நான் அன்று வாங்கிய ஜெட் டப்பா இன்னும் கராஜில் கிடக்கிறது, உங்களுக்குத் தேவையான அளவு அதிலேயே இருக்கும்.