குட்டி நாய்க்கு ரத்தப் புரதம்: கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: 2 நாள் ஆன சிப்பிப்பாறைக் குட்டி. ரிப்போர்ட்டில் மொத்தப் புரதம் 4.1, ஏஎல்பி (கல்லீரல் சோதனையில் பார்க்கும் நொதி) மிக அதிகம். கல்லீரல் கோளாறா?

பதில்: லேப் அச்சடித்திருக்கும் அளவு (100 மில்லிக்கு 5.5 முதல் 7.5 கிராம் வரை) பெரிய நாய்க்கானது. பிறந்த குட்டிக்கு 4 கிராம் பக்கம் இருப்பதே இயல்பு. முக்கியமாக குளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய பகுதி) குறைவு. தாயின் எதிர்ப்புப் புரதத்தில் 5–10 சதவீதம்தான் நஞ்சுக்கொடி வழியாக வரும். மீதி முழுக்க சீம்பாலில். குட்டியின் குடல் அதை அப்படியே ரத்தத்துக்கு விடுவது முதல் சில மணி நேரம் நன்றாக நடக்கும், ஒரு நாளில் நின்றுவிடும். அந்த ஏஎல்பி கூட சீம்பாலோடு வந்ததுதான். குட்டி குடித்திருக்கிறது, சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடச் சொல்கிறார்களே?

பதில்: கொட்டாதீர்கள்.

கேள்வி: தாய் சேர்க்கவில்லை. பக்கத்து வீட்டு மாட்டுச் சீம்பால் கொடுக்கலாமா?

பதில்: அதிலுள்ளது மாட்டு நோய்களுக்கான எதிர்ப்பு; குட்டி நாய்களைக் கொல்லும் பார்வோ வைரஸைத் தெரியாது. அதே நாளில் குட்டி போட்ட வேறு நாய் இருந்தால் அதனிடம் விடுங்கள். இல்லாவிட்டால் தடுப்பூசி போட்ட பெரிய நாயின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்) மருத்துவர் தோலடியில் ஏற்றலாம். எதுவானாலும், சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊற்றாதீர்கள், முதலில் சூடேற்றுங்கள்.

கேள்வி (அதே நபர்): எங்கள் தாத்தா ஆட்டுப்பாலிலேயே வளர்த்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

பதில்: பிழைத்தவற்றைத்தானே ஐயா நீங்கள் பார்த்தீர்கள்? நாய்ப்பாலில் புரதம் ஆட்டுப்பாலைவிட இரு மடங்குக்கு மேல்.

கேள்வி (அதே நபர்): அப்போ தாத்தா பொய் சொன்னாரா?

பதில்: தாத்தாவை நான் இழுக்கவே இல்லை. வாரத்தில் எத்தனை குட்டியைப் புதைத்தார் என்றும் கேட்டிருக்கலாம் என்கிறேன்.

கேள்வி: 3 நாள் குட்டி, புரதம் 4.3. பயமாக இருக்கிறது.

பதில்: முதல் பதில்.

கேள்வி: முட்டை வெள்ளைக்கரு கொடுத்தால் ஏறுமா? புரதம் 4.

பதில்: ஏறாது. முதல் பதில். சில்லிட்டிருந்தால் எதையும் ஊற்றாதீர்கள், இதையும் மறுபடி சொல்கிறேன்.

கேள்வி: தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: 400 கிராம் குட்டிக்கு மொத்த ரத்தமே 30 மில்லி பக்கம். வேண்டாம். சமையல் தராசில் ஒரு கிண்ணம் வைத்து காலை, மாலை எடை பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்கலாம். பிறகும் ஏறாவிட்டால் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு வாருங்கள்.