ஓதத் தரையில் மரத்தளம்: பொருத்தியவர் பொறுப்பா?

கேள்வி: ஊட்டியில் எழுபது ஆண்டுப் பழைய வீடு. சிமென்ட் தரைமேல் 450 சதுர அடிக்கு இன்ஜினியர்டு மரத்தளம் (ஒட்டுப்பலகைமேல் மெல்லிய மர அடுக்கு ஒட்டியது) போட்டோம். பொருளும் கூலியும் சேர்த்து ரூ.3,40,000. மார்ச்சில் வேலை முடிந்தது, ஆகஸ்டில் பலகைகளின் ஓரம் தூக்கிக்கொண்டது. "ஓதம் உங்க வீட்டுக் கோளாறு, வாரண்டியில் ஈரம் சேராது" என்கிறார் ஒப்பந்தக்காரர். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். அவர் சொல்வதில் பாதி உண்மை: ஓதம் உங்கள் வீட்டுடையதுதான். அது இருக்கிறதா என்று பார்க்காமல் பலகையைப் போட்டது அவருடையது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு இதுதான்.

அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் தரைக்கடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மழைக்காலத்தில் மண்ணின் ஈரம் மேலேறும். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட்டாலே, அடியில் நீர் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு ராத்திரி வேலை. அதுவும் அவர் வேலை பார்த்தது மார்ச்சில், ஊட்டித் தரை காய்ந்திருக்கும் மாதத்தில். பார்த்த அன்று காய்ந்திருந்தது என்பது பதிலாகாது.

"நீங்கள் தண்ணீர் ஊற்றித் துடைத்தீர்கள்" என்றும் அடுத்துச் சொல்வார். அதற்குப் பலகையே சாட்சி. நடு குழிந்து இரு ஓரமும் உயர்ந்திருந்தால், அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஈரம் குடித்திருக்கிறது என்று பொருள். தளம் மொத்தமாக நடுவில் கூடாரம்போல் எழும்பியிருந்தால் சுவரோரம் பாருங்கள். மரம் விரிய 10 முதல் 12 மி.மீ. இடைவெளி விட்டிருக்க வேண்டும். விடாததும் அவர் தவறே.

ஆத்திரத்தில் தளத்தைப் பெயர்த்துவிடாதீர்கள். இத்தகைய வழக்குகள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான். தேதி குறிப்பிட்டு அவருக்குப் பதிவுத் தபால் அனுப்பி, அன்று ஒரு சிவில் பொறியாளர் முன்னிலையில் நான்கைந்து பலகைகளை மட்டும் எடுங்கள். அடியில் பாலித்தீன் விரித்திருந்ததா, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி டேப் ஒட்டியிருந்ததா என்பதை வீடியோ எடுங்கள். பலகையின் ஈரமானி அளவையும் பொறியாளர் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். மீதியைப் பார்க்க, வழக்குப் போட்டபின் வழக்கறிஞர் ஆணையரை (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர்) நியமிக்கக் கேட்டு மனு போடலாம்.

ரூ.50 லட்சம் வரை கொடுத்த தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதால் ஒப்பந்தக்காரர் கோவையில் இருந்தாலும் கவலையில்லை. பலகை விற்ற கடை வேறென்றால் அதையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். பில் இல்லையென்றால் வங்கிப் பரிமாற்றமும் வாட்ஸ்அப் உரையாடலும் உதவும். வாரண்டி வாசகத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தாக்கப் போகாதீர்கள். அது மாநில ஆணையத்தின் அதிகாரத்துக்குப் போய்விடும். சேவைக் குறைபாடு என்ற ஒரே தடத்தில் நில்லுங்கள்.

இரண்டு இடத்தில் நீங்கள் பலவீனம். கொட்டேஷனில் ஈரத்தடுப்புப் பூச்சு இருந்து, செலவைக் குறைக்க நீங்களே வேண்டாமென்றிருந்தால் வழக்கு பாதி போய்விடும். வீட்டை ஹோம்ஸ்டேயாக வாடகைக்கு விட்டால் 'வணிக நோக்கம்' என்ற ஆட்சேபம் வரும். அது சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

பலகை விலை, கூலி, பெயர்க்கும் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். வெளிச் சாக்கடையைச் சரிசெய்வது, சுவரையொட்டிய மண்ணைத் தாழ்த்துவது போன்றவற்றை அவர் தலையில் கட்டாதீர்கள். கெடு இரண்டு ஆண்டு. ஆகஸ்டிலிருந்து எண்ணலாம் என்றாலும், மார்ச்சிலிருந்து எண்ணி அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.