தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஒரே சைக்கிள்

கேள்வி: வேலைக்குப் போய்வர தினமும் 16 கிலோமீட்டர், எல்லாம் தார்ச்சாலை. மாதம் ஒன்றிரண்டு முறை நண்பர்களுடன் காட்டுப்பாதை. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிளைக் கடையில் காட்டுகிறார்கள். விலையும் கைக்கு எட்டுகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விலை கைக்கு எட்டுகிறது என்பதாலேயே வேண்டாம் என்கிறேன்.

நல்ல ஷாக் அப்சார்பரில் இரண்டு வேலை நடக்கிறது. ஸ்பிரிங்கோ அடைத்த காற்றோ அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. அமுங்கியது துள்ளி எழாமல் உள்ளே இருக்கும் எண்ணெய் நிதானப்படுத்துகிறது. மலிவு ரகத்தில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைக்கு எதுவுமே இருக்காது. கல்லில் ஏறியதும் அமுங்கும், உடனே எகிறும், சக்கரம் தரையை விட்டு எழும். பிடிப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் பிடிப்பு போய்விடுகிறது. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடும். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க் மட்டுமே 2 கிலோவுக்கு மேல் எடை. அந்த எடையைத் தினமும் 16 கிலோமீட்டர் சுமக்கப்போவது நீங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவைத் தயாரிப்பாளர் எங்கே ஈடுகட்டுகிறார்? பிரேக்கில், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில், டயரில். உங்கள் உயிர் தொங்கும் உறுப்புகள் அவை.

நானும் இப்படி ஒன்று வாங்கினேன். எட்டாவது மாதம் பின்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். மெக்கானிக் என் கட்டைவிரலைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தின் மூட்டு மேல் வைத்துவிட்டுச் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தார். இரும்பும் இரும்பும் மோதுவது விரலுக்குத் தெரிந்தது. மூட்டில் இருந்த புஷ் என்ற உள்வளையம் தேய்ந்துபோயிருந்தது. அந்த அளவில் மாற்று புஷ் எங்கும் கிடைக்கவில்லை. ஓராண்டு சேமித்த பணம் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

கலிபோர்னியாவின் டமால்பையஸ் மலைச்சரிவில் 1970களில் மலைச் சைக்கிளைத் தொடங்கிவைத்தவர்கள் ஸ்பிரிங் இல்லாத பழைய தடித்த டயர் வண்டிகளில்தான் இறங்கினார்கள். 1981இல் பெரிய அளவில் விற்பனைக்கு வந்த ஸ்டம்ப்ஜம்பர் என்ற மலைச் சைக்கிளிலும் ஸ்பிரிங் ஃபோர்க் கிடையாது. மாதம் இருமுறை போகும் உங்கள் பாதைக்கு அது கட்டாயம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

நீங்கள் தேட வேண்டியது: ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், 40 முதல் 45 மி.மீ. அகல டயர் நுழையும் இடைவெளி, மட்கார்டும் கேரியரும் மாட்டத் துளைகள். டயரின் நடுப்பகுதி வழவழப்பாகவும் ஓரங்கள் முண்டு முண்டாகவும் இருக்கட்டும். தார்ச்சாலையில் சற்றுக் கூடுதலாகக் காற்று. மண்ணில் இறங்கும் முன் கொஞ்சம் குறையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். அகல டயருக்குள் இருக்கும் காற்றே உங்களுக்கு ஸ்பிரிங்.

கேள்வி: 21 கியர் வண்டியா, 8 கியர் வண்டியா? இரண்டும் ஒரே விலை.

பதில்: 8 கியர். முன்னால் மூன்று, பின்னால் ஏழு பல்சக்கரம் என்பதைப் பெருக்கி 21 என்கிறார்கள். அவற்றில் பல ஏறக்குறைய ஒரே கியர்தான். முன்னால் ஒன்று, பின்னால் பெரிய பல்சக்கரம் வரை விரியும் எட்டு இருந்தால் மேடும் ஏறலாம், பழுதாக ஓர் உறுப்பும் குறைவு. கடையில் இன்னொன்றும் கேளுங்கள்: பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி ஹப்பின் மரையில் திருகும் ஃப்ரீவீலா, ஹப்பின் மேல் செருகும் கேசட்டா? ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சுக்கு அந்தப் பக்கம் தாங்கல் குறைவு. குண்டுகுழியில் அச்சு வளைவதும் முறிவதும் அங்கேதான். கேசட் ஹப்பில் பேரிங் வெளி ஓரத்துக்கு அருகில் இருக்கும்.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்ததால் பெரிய அளவு ஃப்ரேம் வாங்கிவிட்டேன். என் உயரம் 160 செ.மீ. நின்றால் மேல்குழாய் இடிக்கிறது. இரண்டு வாரம் ஓட்டியதால் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். சீட்டை இறக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. சீட்டை இறக்கினால் முழங்கால் வலிக்கும். மேல்குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். அளவுப் பட்டியல் விற்பனைப் பக்கத்திலேயே இருந்திருக்கும். விலையைப் பார்த்த கண் அதையும் பார்த்திருக்க வேண்டும். முதல் நாளே இடித்திருக்குமே, ஏன் இரண்டு வாரம் ஓட்டினீர்கள்? புதுக்கருக்கு கலையும் முன் உயரமான ஒருவருக்கு விற்றுவிடுங்கள். அடுத்ததை ஏறி நின்று பார்த்து வாங்குங்கள்: தார்ச்சாலைக்குக் குழாய்க்கு மேல் 3 செ.மீ. இடைவெளியாவது வேண்டும், மண்பாதைக்கு அதைவிட அதிகம்.

கேள்வி: கார்பன் ஃபோர்க்குக்காக இன்னும் ஆறு மாதம் பணம் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம், இப்போதே வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல பூட்டும் விளக்கும் தலைக்கவசமும் வாங்குங்கள்.

கேள்வி: மகளுக்குப் புது சைக்கிள் வாங்கினோம். முதல் வாரமே இடது பெடல் கழன்று அவள் விழுந்து முழங்கையில் அடி. வண்டியும் நேராகப் போகாமல் அலைகிறது. மகள்தான் எங்கேயோ மோதியிருக்கிறாள் என்கிறார் கடைக்காரர். படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் மகள் மீது துளியும் தவறில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் டிஸ்க் பிரேக்கில் சக்கரத் தட்டைக் கவ்வும் பிடி ஃபோர்க்கின் வலப்பக்கம் இருக்கிறது. அது இடப்பக்கம் இருக்க வேண்டியது. ஃபோர்க்கையே முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள், வண்டி அலைவது அதனால்தான். இடது பெடலின் மரை எதிர்ப்புறம் திருகும். அது தெரியாமல் வலுக்கட்டாயமாகத் திருகியதில், பெடல் மாட்டும் கிராங்கின் மரை அழிந்திருப்பது படத்தில் நன்றாகத் தெரிகிறது. இரண்டுமே கோர்த்தவர் செய்த தவறு; மோதினால் பிரேக் பக்கம் மாறாது.

வண்டியை இனி யாரும் ஓட்ட வேண்டாம், கடையில் பிரிக்கவும் விடாதீர்கள். நான்கு பக்கமும் தேதியுடன் படம் எடுங்கள். ரசீதின் நகலையும் மருத்துவச் சீட்டின் நகலையும் இணைத்துக் கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். புது வண்டியோ முழுப் பணமோ கேளுங்கள். பெடலை மட்டும் இறுக்கித் தருகிறோம் என்றால் ஏற்காதீர்கள். அழிந்த மரையில் அது மறுபடி கழன்றுவிடும். அவர்களின் பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்த கடிதத்தைச் சேர்ந்தே எழுதலாம்.

கேள்வி: பழைய சைக்கிள் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் வண்டியைக் கவிழ்த்துப் பெடல் அச்சுக்கு அடியில் வரிசை எண்ணைப் பாருங்கள். அராவி அழித்திருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம், வந்துவிடுங்கள். அடுத்து, ஹேண்டில்பார் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருங்கியோ கோடு விட்டோ இருந்தால் வேண்டாம். புதுப் பெயின்ட் அடித்த வண்டி ஒன்றை நம்பி வாங்கினேன், பத்தாம் நாள் அந்தப் பூச்சுக்கு அடியிலிருந்து விரிசல் வந்தது. பிறகு முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்பின் ஆட்டித் தளர்வு இருக்கிறதா பாருங்கள், சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பாருங்கள். செயினில் 24 கண்ணியை அளவுகோலால் அளந்தால் புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 307ஐ எட்டியிருந்தால் செயினை மாற்ற வேண்டும், பல்சக்கரமும் தேய்ந்திருக்கலாம். அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேளுங்கள்.

கேள்வி: டிஸ்க் பிரேக் கட்டாயமா?

பதில்: மழையிலும் சேற்றிலும் ஓட்டுவீர்கள் என்றால் வாங்குங்கள், மற்றபடி சக்கர விளிம்பைப் பிடிக்கும் நல்ல ரிம் பிரேக் போதும்.